ஏர்போர்ட் டு ஏர்போர்ட் தூரம் சொல்ற சைட்டுங்க: கிலோமீட்டர நம்பலாம், மணி நேரத்த நம்பாதீங்க

ரெண்டு ஏர்போர்ட் பேர போட்டா நடுவுல எத்தன கிலோமீட்டர், பிளைட்ல போக எத்தன மணி நேரம்னு சொல்ற சைட்டுங்க இருக்கில்ல, அதுங்கள பத்தின ரெவ்யூ இது. பொறுமை இல்லாதவங்களுக்காக தீர்ப்ப முதல்லயே சொல்லிடுறேன். தூரம் வேணும்னா கிரேட் சர்க்கிள் மேப்பர்னு ஒரு பழைய சைட் இருக்கு, அத தாராளமா நம்பலாம். நேரம் வேணும்னா இந்த ரக சைட் எதையுமே நம்பாதீங்க, அதுக்கு எந்த விமானம் எங்க பறக்குதுன்னு காட்டுற பிளைட் டிராக்கர் சைட்டுங்க பக்கம் போங்க. ஏன் இப்படி ரெண்டா பிரிச்சு சொல்றேன்னு தெரிஞ்சுக்க ஆசை இருந்தா மேல படிங்க, கொஞ்சம் நீளமா தான் போகும்.

கிரேட் சர்க்கிள் மேப்பர் பாக்குறதுக்கு பளபளப்பா ஒன்னும் இருக்காது, மேல ஒரு பெட்டி, அதுல ஏர்போர்ட்டோட மூனெழுத்து கோட அடிக்கணும், நடுவுல ஒரு ஹைஃபன், அவ்ளோதான். சிங்கப்பூர்ல இருந்து நியூயார்க் கென்னடிக்கு பாக்கணும்னா எஸ்ஐஎன், ஹைஃபன், ஜேஎஃப்கே. உடனே உருண்டையா ஒரு மேப் வந்து அதுல சிவப்பு கோடு ஒன்னு ஓடும், கீழ டேபிள்ல தூரம், கிளம்புற இடத்துல இருந்து எந்த திசையில முகம் வெச்சு போகணும்ங்குற ஹெடிங் எல்லாம் வந்துடும். நடுவுல இன்னும் ரெண்டு ஏர்போர்ட்ட சேத்து ஹைஃபன் போட்டுக்கிட்டே போனா ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி தூரமும் கடைசியில மொத்தமும் காட்டும். கமா போட்டா வேற வேற ரூட்ட ஒரே மேப்ல வரைஞ்சு தரும், அதனால நேரா போறதுக்கும் எங்கயாவது இறங்கி மாறி போறதுக்கும் எவ்ளோ சுத்துன்னு கண்ணாலயே பாத்துக்கலாம். எனக்கு ரொம்ப பிடிச்சது ரேஞ்ச் வளையம், ஒரு ஏர்போர்ட்ட சுத்தி இத்தன கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுன்னா போடும், உருண்டையான பூமிய தட்டையான மேப்ல பாக்கும்போது அந்த வட்டம் எப்படி கோணலா நெளியுதுன்னு பாத்துட்டே இருக்கலாம், வேலை கெட்டுப் போகும், அது வேற கத.

சிங்கப்பூர் - நியூயார்க்குக்கு அது காட்டுறது 15,300 கிமீ சொச்சம். இப்ப ஓடிட்டு இருக்குற நான்ஸ்டாப் பிளைட்டுங்கள்லயே ரொம்ப நீளமானது இந்த ரூட் தான். ஹெடிங் பாத்தீங்கன்னா கிட்டத்தட்ட நேர் வடக்கு. ரெண்டு ஊரும் பூமியோட எதிரெதிர் பக்கத்துல இருக்குறதால குறுக்கு வழி வட துருவத்து பக்கத்துலயே போகுது. ஸ்கூல் அட்லஸ்ல ஸ்கேல் வெச்சு கோடு போட்டு பழகினவங்களுக்கு இது நம்பவே முடியாது. அந்த மேப்புங்க பெரும்பாலும் மெர்கேட்டர் மாதிரி தட்டையா விரிச்சது, அதுல நேர் கோடுன்னு தெரியுறது நிஜத்துல நேர் வழி கிடையாது, நிஜமான குறுக்கு வழி அதுல வளைஞ்சு தெரியும். குளோப் வீட்டுல இருந்தா ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு நூல இழுத்து பிடிச்சு பாருங்க, அந்த நூல் போற வழி தான் கிரேட் சர்க்கிள். லண்டன்ல இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போற விமானம் ஏன் கிரீன்லாந்து பக்கம் ஏறி இறங்குதுன்னு சீட் முன்னாடி இருக்குற ஸ்கிரீன பாத்து குழம்புறவங்களுக்கு பதில் இது தான், அது சுத்தி போகல, குறுக்கால தான் போகுது.

இப்ப தூரம் எவ்ளோ துல்லியம்னு பாக்கலாம். லண்டன் ஹீத்ரோ - நியூயார்க் கென்னடி, இத ஒரு சைட்ல போட்டா 5,540 கிமீ வரும், இன்னொன்னுல 5,555 கிட்ட வரும். பதினஞ்சு கிலோமீட்டர் எங்க போச்சுன்னு கேட்டா, ரெண்டும் தப்பா அடிக்கல, ரெண்டும் வேற வேற பூமிய வெச்சு கணக்கு போடுது. முதல் ரகம் பூமிய 6,371 கிமீ ஆரம் உள்ள சுத்தமான உருண்டைன்னு எடுத்துக்கிட்டு ஹாவர்சைன்னு ஒரு ஃபார்முலாவ போடுது, அது நாலு வரி புரோகிராம், யார் வேணா எழுதிடலாம். ஆனா பூமி துருவத்துல கொஞ்சம் அமுங்கி இருக்கு, நடுவுல பூமத்திய ரேகையில ஆரம் 6,378 கிமீ, துருவத்துல 6,357 தான். ரெண்டாவது ரகம் இந்த அமுங்கலையும் சேத்துக்கும், ஜிபிஎஸ் பயன்படுத்துற அதே டபிள்யூஜிஎஸ் 84 மாடல், அதுக்கு மேல வின்சென்டின்னு ஒருத்தர் 1975ல போட்ட முறை. கிரேட் சர்க்கிள் மேப்பர் இந்த ரெண்டாவது ரகம். ஹாவர்சைன் ஆளுங்களுக்கு வர்ற வித்தியாசம் அதிகபட்சம் அரை சதவீதம் கிட்ட தான், பயணம் போறவங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல, அதனால உங்க சைட் எந்த ஃபார்முலான்னு தெரியலன்னு தூக்கத்த கெடுத்துக்க வேணாம்.

வின்சென்டி முறைக்கும் ஒரு வீக்னஸ் இருக்கு, பூமியோட நேர் எதிர் பக்கத்துல இருக்குற ரெண்டு இடத்த குடுத்தா சில சமயம் விடையே வராம சுத்திட்டே இருக்கும். எந்த பக்கம் போனாலும் ஏறக்குறைய ஒரே தூரம்ங்குற மாதிரி இடம், அது பாவம் என்ன பண்ணும். நியூசிலாந்தோட ஆக்லாந்துக்கு நேர் எதிர் பக்கம் தெற்கு ஸ்பெயின், அங்க நடுவுல தூரம் 20,000 கிமீ கிட்ட வரும், பூமியில இதுக்கு மேல தூரமா போகவே முடியாது. கார்னின்னு ஒருத்தர் 2013ல இந்த சிக்கலையும் தீத்து வெச்சுட்டாரு. அப்படி ஒரு நான்ஸ்டாப் பிளைட்டே கிடையாதுங்குறதால நமக்கு இது சும்மா தெரிஞ்சுக்கிட்டா போதும்.

ஃபார்முலாவ விட பெரிய பிரச்சனை ஏர்போர்ட் லிஸ்ட்டு. இந்த சைட்டுங்க எல்லாமே உள்ள ஒரு டேபிள் வெச்சிருக்கும், கோடுக்கு நேரா அட்சரேகை தீர்க்கரேகை. அந்த டேபிள் பழசா இருந்தா முடிஞ்சது. இஸ்தான்புல்ல 2019 ஏப்ரல்ல பழைய அட்டதுர்க் ஏர்போர்ட்ல இருந்து பயணிகள் பிளைட் எல்லாத்தையும் புது ஏர்போர்ட்டுக்கு மாத்தினாங்க, அப்ப ஐஎஸ்டிங்குற கோடும் புது ஏர்போர்ட்டுக்கு போயிடுச்சு, பழசுக்கு ஐஎஸ்எல்னு வேற கோடு வந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல 30 கிமீ கிட்ட தூரம். இன்னைக்கும் ஐஎஸ்டின்னு போட்டா பழைய இடத்துல புள்ளி வெக்கிற சைட்ட நான் பாத்திருக்கேன், பேர் வேணாம். அதனால புதுசா ஒரு சைட்ட பாத்தா முதல்ல ஐஎஸ்டிய போட்டு மேப்ப பாருங்க, புள்ளி கருங்கடல் கரைய ஒட்டி வடக்க இருந்தா டேபிள் புதுசு, தெற்க மர்மரா கடல் பக்கம் இருந்தா அந்த சைட்ட யாரும் ரொம்ப நாளா தொடலன்னு அர்த்தம். பெர்லினும் அதே மாதிரி நல்ல டெஸ்ட், 2020 அக்டோபர் கடைசியில புது ஏர்போர்ட் திறந்து அடுத்த மாசமே டேகல்ங்குற பழைய ஏர்போர்ட்ட மூடிட்டாங்க.

ஊர் பேர அடிக்கிற மாதிரி இருக்குற சைட்டுங்க இன்னும் ஆபத்து. லண்டன்னு அடிச்சா எந்த லண்டன்? ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட்னு ஆறு இருக்கு, சில சைட் கேக்காமலே ஊர் நடுவுல ஒரு புள்ளி வெச்சு கணக்கு போட்டுடும். டோக்கியோவுக்கு நரிட்டாவும் ஹனேடாவும் 60 கிமீ தள்ளி தள்ளி இருக்கு. சிட்னின்னு கனடாவுல ஒன்னு இருக்கு, சான் ஹோசேன்னு கலிஃபோர்னியாவுல ஒன்னு கோஸ்டா ரிகாவுல ஒன்னு. கோட அடிச்சு பழகிட்டா இந்த தலைவலியே இல்ல, மூனெழுத்து ஐஏடிஏ கோடு டிக்கெட்லயே இருக்கும். நாலெழுத்து ஐகாவோ கோடும் மேப்பர் எடுத்துக்கும், அது பைலட் ஆளுங்களுக்கு.

யூனிட்டையும் பாத்துக்கங்க. மைல்னு போட்டிருந்தா தரையில அளக்குற மைலா, 1,609 மீட்டர், இல்ல நாட்டிகல் மைலா, 1,852 மீட்டர். ஹீத்ரோ - கென்னடி ஒன்னுல 3,451, இன்னொன்னுல 2,999. ரெண்டும் அதே தூரம் தான். ஒரு சைட்ல இருந்து நாட்டிகல் மைல எடுத்து இன்னொரு சைட்டோட வேகத்தால வகுத்தா 15 சதவீதம் ஓட்டையோட ஒரு நேரம் வரும், பாக்குறதுக்கு சரியா இருக்குற மாதிரியே வேற இருக்கும்.

சரி, நேரத்துக்கு வருவோம், இங்க தான் என் புலம்பல் எல்லாம்.

கூகுள்ல தேடினா மேல வர்ற கால்குலேட்டருங்கள்ல பாதிக்கு மேல என்ன பண்ணுதுன்னா, தூரத்த ஒரே ஒரு வேகத்தால வகுத்துட்டு டேக் ஆஃப் லேண்டிங்குக்குன்னு ஒரு அரை மணிய கூட்டிடும். அவ்ளோதான் மொத்த அறிவும். சிலது 800 கிமீ வேகம்னு வெக்குது, சிலது 900. சிங்கப்பூர் - நியூயார்க்குக்கு முதல் கணக்குல 19 மணி 40 நிமிஷம் வரும், ரெண்டாவதுல பதினேழரை. ஒரே ரூட்டுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல வித்தியாசம், ஆனா ரெண்டு சைட்டும் நிமிஷம் வரைக்கும் துல்லியமா காட்டுற மாதிரி நம்பர போட்டு வெச்சிருக்கும். நிஜ டைம்டேபிள் பதினெட்டரை மணி நேரத்த ஒட்டி வரும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கே, அப்ப 850 வெச்சா சரியா வருமேன்னு நினைப்பீங்க. அதே 850 கணக்க ஹீத்ரோவுல இருந்து கென்னடிக்கு போட்டா ஏழு மணி நேரம் வரும். டைம்டேபிள்ல அந்த பக்கம் போக 8 மணி நேரம் கிட்ட, திரும்பி வர 7 மணி நேரம் கிட்ட. கால்குலேட்டருக்கு போறதும் வர்றதும் ஒன்னு, ஏன்னா அதுக்கு காத்துன்னா என்னன்னே தெரியாது.

காத்து தான் இதுல பாதி விஷயம். முப்பதாயிரம் நாப்பதாயிரம் அடி உயரத்துல மேற்குல இருந்து கிழக்க ஓடுற ஜெட் ஸ்ட்ரீம் இருக்கு, குளிர்காலத்துல அதோட வேகம் இன்னும் ஜாஸ்தி. அது முதுகுல வாங்கிட்டு போனா லாபம், நெஞ்சுல வாங்கினா நஷ்டம். 1952 நவம்பர்ல பான் ஆம்ங்குற அமெரிக்க ஏர்லைன் டோக்கியோவுல இருந்து ஹோனலூலுவுக்கு இந்த காத்த நம்பி பறந்து பாத்தாங்க, 18 மணி நேரம் எடுக்குற பயணம் பதினொன்னரை மணி நேரத்துல முடிஞ்சது. 2020 பிப்ரவரியில சியாரா புயல் நேரத்துல பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்னு கென்னடியில இருந்து ஹீத்ரோவுக்கு 4 மணி 56 நிமிஷத்துல போய் சேந்துச்சு. விமானம் சத்தத்தோட வேகத்த தாண்டல, அது மிதக்குற காத்தே ஓடிட்டு இருந்துச்சு, அதனால தரைய வெச்சு பாத்தா மணிக்கு 1,300 கிமீக்கு மேல. வேகம்னு ஒரே ஒரு நம்பர வெச்சு வகுக்குற சைட்ட இதுக்கு அப்புறம் எப்படி நம்புறது சொல்லுங்க.

இன்னொரு பாதி, விமானம் நாம போட்ட சிவப்பு கோட்டு மேலயே போகுறதில்ல. வட அட்லாண்டிக் மேல போற வர்ற விமானங்களுக்கு தினமும் காத்த பாத்து புதுசு புதுசா பாதை போடுறாங்க, பகல்ல மேற்கு பக்கம் போறவங்களுக்கு ஒரு செட், ராத்திரி கிழக்க போறவங்களுக்கு ஒரு செட், நேத்து போன வழி இன்னைக்கு இருக்காது. சிங்கப்பூர் - நியூயார்க் பிளைட்டும் துருவத்து பக்கம் போற அந்த குறுக்கு கோட்ட விட்டுட்டு பசிபிக் பக்கமா வாகான காத்த பிடிச்சு போறத டிராக்கர்ல பாக்கலாம், தூரம் ஜாஸ்தி ஆனா நேரமும் பெட்ரோலும் மிச்சம். திபெத் பீடபூமி மேல குறுக்கால போகாம பெரும்பாலும் ஒதுங்கி போவாங்க, உள்ள காத்தழுத்தம் போச்சுன்னா பத்தாயிரம் அடிக்கு சீக்கிரம் இறங்கணும், அங்க கீழ மலையே அதுக்கு மேல நிக்குது. ரெண்டு எஞ்சின் விமானம்னா ஒரு எஞ்சின் நின்னா இத்தன நிமிஷத்துக்குள்ள ஏதாவது ஒரு ஏர்போர்ட்ட எட்டணும்னு விதி வேற இருக்கு, தெற்கு பசிபிக்ல அண்டார்டிகா பக்கம் போற ரூட்டுங்கள்ல அது பாதைய வளைச்சுடும்.

எல்லாத்தையும் விட பெரிய அடி, வானத்த மூடுறது. ஹெல்சின்கி - டோக்கியோ நரிட்டா கிரேட் சர்க்கிள் தூரம் 7,800 கிமீ சொச்சம், கால்குலேட்டருங்க ஒன்பதேகால்ல இருந்து பத்தேகால் மணி நேரம்னு சொல்லும். 2022 பிப்ரவரிக்கு முன்னாடி அது சரி தான். அதுக்கப்புறம் ரஷ்யா வானம் மூடினதுல ஃபின்லாந்து விமானங்க ஒன்னு வட துருவத்து பக்கம் சுத்தணும், இல்ல தெற்கால சுத்தணும், இப்ப 13 மணி நேரம் கிட்ட ஆகுது. தூரம் ஒரு கிலோமீட்டர் கூட மாறல, ரெண்டு ஊரும் அங்கயே தான் இருக்கு, சைட்டும் அதே நம்பர தான் இன்னைக்கும் காட்டுது, நேரத்துல மட்டும் மூனு மணி நேரம் ஓட்ட. கனெக்‌ஷன் பிளைட்ட இத நம்பி போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க.

எனக்கு இந்த விஷயத்துல பிடிச்ச உதாரணம் பெர்த் - லண்டன். 14,500 கிமீ கிட்ட, ஆஸ்திரேலியாவோட குவாண்டஸ் ஏர்லைன் 2018 மார்ச்ல நான்ஸ்டாப்பா ஆரம்பிச்சது, லண்டன் போக பதினேழரை மணி நேரத்த ஒட்டி, திரும்பி வர அதவிட முக்கால் மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் கம்மி. 2024 ஏப்ரல்ல ஈரான் பக்கத்து வானத்த தவிர்க்க வேண்டி வந்தப்போ லண்டன் போற பக்கம் மட்டும் சிங்கப்பூர்ல இறங்கி பெட்ரோல் போட்டுட்டு போச்சு, திரும்பி வர்ற பிளைட் பின்காத்து இருந்ததால சுத்தி வந்தும் நான்ஸ்டாப்பாவே வந்துச்சு. ஒரே ரூட், ஒரே விமானம், ஒரே கிலோமீட்டர், ஒரு பக்கம் ஒரு ஸ்டாப், இன்னொரு பக்கம் ஸ்டாப் இல்ல. எந்த கால்குலேட்டர் இத சொல்லும்?

அப்புறம் நேரம்னா எந்த நேரம்ங்குற குழப்பமும் இருக்கு. ஏர்லைன் டிக்கெட்ல போடுறது பிளாக் டைம், கேட்ட விட்டு நகர்ந்ததுல இருந்து அங்க கேட்ல போய் நிக்கிற வரைக்கும், ஓடுபாதைக்கு உருண்டு போறது, கியூவுல நிக்கிறது எல்லாம் உள்ள. அதுல லேட் ஆனாலும் சமாளிக்கிற மாதிரி கொஞ்சம் கூடுதலாவும் வெச்சிருப்பாங்க, அதனால தான் அரை மணி லேட்டா கிளம்பியும் கரெக்ட் டைம்ல இறங்கிட்டோம்னு அறிவிப்பு வருது. சக்கரம் தரைய விட்டதுல இருந்து தரைய தொடுற வரைக்கும் உள்ளது வேற. இப்ப சொன்ன 4 மணி 56 நிமிஷம் மாதிரி ரெக்கார்ட் எல்லாம் பறந்த நேரம், அத டிக்கெட் நேரத்தோட வெச்சு பாத்து ஏர்லைன் ஏமாத்துதுன்னு சண்ட போடக்கூடாது. கால்குலேட்டருங்க இதுல எத சொல்லுதுன்னு பெரும்பாலும் போட்டிருக்கவே மாட்டாங்க.

அப்ப நேரத்துக்கு எங்க போறது? நான் பண்றது இது தான். கூகுள் பிளைட்ஸ்ல நான்ஸ்டாப்னு ஃபில்டர் போட்டா டைம்டேபிள் நேரம் வந்துடும், பிளான் போட அது போதும். நிஜமா எவ்ளோ ஆகுதுன்னு பாக்க அந்த பிளைட் நம்பர எடுத்துட்டு போய் ஃபிளைட்ரேடார்24லயோ ஃபிளைட்அவேர்லயோ போட்டு முந்தின நாட்களோட ஹிஸ்டரிய பாக்குறேன். ஒவ்வொரு நாளும் எத்தன மணிக்கு கிளம்புச்சு எத்தன மணிக்கு இறங்குச்சுன்னு இருக்கும், நாளுக்கு நாள் அரை மணி முக்கால் மணி ஆடுறத பாத்தாலே காத்தோட கத புரிஞ்சுடும். ஃபிளைட்அவேர்ல நேர் தூரம் எவ்ளோ, பறந்த தூரம் எவ்ளோன்னு பக்கத்துல பக்கத்துல போட்டிருப்பாங்க, அது எனக்கு பெரிய விருந்து. போகப் போற மாசத்த மறந்துடாதீங்க, ஜூலையில பாத்த ஹிஸ்டரிய வெச்சு ஜனவரி பயணத்த கணக்கு போட்டா ஜெட் ஸ்ட்ரீம் உங்கள பாத்து சிரிக்கும்.

நேரடி பிளைட்டே இல்லாத ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நேரம் காட்டுற சைட்டுங்கள என்ன சொல்றதுன்னே தெரியல. சின்ன தீவுல இருக்குற ஒரு குட்டி ஏர்போர்ட்ல இருந்து பூமியோட அந்த பக்கத்துக்கு 21 மணி நேரம்னு தைரியமா போடும், அந்த ஓடுபாதையில பெரிய விமானம் இறங்கவே முடியாது. அதுக்கு கீழயே டிக்கெட் புக் பண்ணுங்கன்னு ஒரு பட்டன் வேற. ஒரு சைட்ல பட்டன அமுக்கினா மூனு இடத்துல மாறி ரெண்டு நாள் போற வழி வந்து நின்னுச்சு. கிரேட் சர்க்கிள் மேப்பர எனக்கு பிடிக்க இதுவும் ஒரு காரணம், கேட்டது தூரம், சொன்னது தூரம்.

அங்க போய் சேர்ற லோக்கல் டைம சொல்ற வசதியும் சில சைட்ல இருக்கு, இது நல்லா பண்ணா ரொம்ப உபயோகம். டெஸ்ட் பண்ண சுலபமான வழி, மார்ச் நடுவுல ஒரு தேதிய போட்டு லண்டன் - நியூயார்க் பாருங்க. வழக்கமா 5 மணி நேர வித்தியாசம், ஆனா அமெரிக்காவுல மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழம கடிகாரத்த மாத்துவாங்க, பிரிட்டன்ல கடைசி ஞாயித்துக்கிழம தான், நடுவுல அந்த ரெண்டு மூனு வாரம் 4 மணி நேரம் தான் வித்தியாசம். தேதியே கேக்காம லோக்கல் டைம் சொல்ற சைட்டா இருந்தா பாக்கவே வேணாம். நேபாளம் மாதிரி முக்கால் மணி கணக்குல ஓடுற இடங்களயும் போட்டு பாருங்க, கால் மணிய முழுங்கிடுற சைட் இருக்கு. தேதிக் கோட்ட தாண்டுற ரூட்டும் நல்ல டெஸ்ட், டோக்கியோவுல சாயங்காலம் கிளம்பினா லாஸ் ஏஞ்சல்ஸ்ல அதே நாள் காலையில இறங்குவோம், இத மைனஸ் போட்டு காட்டின ஒரு கால்குலேட்டர பாத்து ஒரு நாள் முழுக்க சிரிச்சேன்.

மேப்பர் திறக்க சோம்பலா இருந்தா கூகுள் மேப்ஸ்ல ரைட் கிளிக் பண்ணி மெஷர் டிஸ்டன்ஸ் இருக்கு, ரெண்டு புள்ளி வெச்சா கிரேட் சர்க்கிள் தூரமே தான் காட்டுது, கோடும் வளைஞ்சே வரும். அவசரத்துக்கு ஓகே, ஆனா ஏர்போர்ட்ட நீங்களே தேடி கிளிக் பண்ணனும்.

பயணத்துக்கு தூரம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, நேரம் தானே முக்கியம்னு கேக்குறவங்களுக்கு ஒன்னு சொல்றேன். ஐரோப்பாவுல பிளைட் லேட்டானா கேன்சலானா நஷ்டஈடு குடுக்குற 261/2004னு ஒரு சட்டம் இருக்கு, அதுல எவ்ளோ தொகைங்குறது தூரத்த வெச்சு தான், 1,500 கிமீ ஒரு எல்லை, 3,500 கிமீ இன்னொரு எல்லை, அளக்குறது கிரேட் சர்க்கிள் முறையில தான்னு சட்டத்துலயே இருக்கு. மாறி மாறி போற டிக்கெட்னா கிளம்பின இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நேர் தூரம் தான் கணக்கு, நடுவுல எங்க சுத்தினாங்கன்னு பாக்க மாட்டாங்கன்னு ஐரோப்பிய கோர்ட் 2017ல சொல்லிடுச்சு. உங்க ரூட் 3,490ஆ 3,510ஆன்னு ஊசலாடுற இடத்துல இருந்தா அப்ப மட்டும் ஹாவர்சைனா டபிள்யூஜிஎஸ்ஸான்னு கவலப்படுங்க. கார்பன் கணக்கு பாக்குறவங்களுக்கும் அடிப்படை இந்த தூரம் தான், ஐகாவோங்குற ஐநா விமான அமைப்போட கால்குலேட்டர் கிரேட் சர்க்கிள் தூரத்துக்கு மேல சுத்துக்குன்னு 50, 100, 125 கிமீன்னு ரூட்டோட நீளத்துக்கு தக்கபடி ஒன்ன கூட்டிக்குது. ஹெல்சின்கி - டோக்கியோ ஆளுங்க 125 கிமீன்னு படிச்சா அழுதுடுவாங்க.

மார்க் போடுறேன். கிரேட் சர்க்கிள் மேப்பர், தூரத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, ஏர்போர்ட் கோடு தெரியாம வர்றவங்களுக்கு கொஞ்சம் பழகணும்ங்குறதால வசதிக்கு நாலு. பிளைட் டிராக்கருங்க நேரத்துக்கு நாலரை, காசு கட்டாம பாத்தா ரொம்ப பழைய ஹிஸ்டரி கிடைக்காது, அதுக்கு தான் அந்த அரை மார்க் கம்மி. கூகுள்ல மேல மேல வர்ற அந்த தூரமும் நேரமும் சேத்து சொல்ற கால்குலேட்டருங்க தூரத்துக்கு மூனரை, நேரத்துக்கு ஒன்னு, அந்த ஒன்னும் நடுத்தர தூர ரூட்டுல குத்துமதிப்பா சரியா வர்றதுக்காக. இதுல எது கொஞ்சம் தேறும்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, கென்னடியில இருந்து ஹீத்ரோ போட்டு பாருங்க, அப்புறம் திருப்பி போட்டு பாருங்க, ரெண்டுக்கும் ஒரே நேரம் காட்டினா அந்த டேப்ப மூடிட்டு கிளம்புங்க.